வேறு ஏதாவது இருக்குதுங்களா?

அடுப்பே பற்ற வைக்காத வீட்டில், காலை ஐந்து மணிக்கு, உருளைக்கிழங்கு வேகும் வாசனை வந்தது.

சண்முகப்பிரியா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள். கனவில்லை. தோலோடு வேகவைத்த கிழங்கின், மண்ணும் ஈரமும் கலந்த வாசனை. வெளியே ஆடிச் சாரல் தென்னை மட்டைகளின்மேல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசல் சிமெண்டில் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து அந்த இடத்துக்கே ஒரு குரல் வந்துவிட்டிருந்தது. ஆனைமலைக்குத் தெற்கே, தார்ச்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, தோப்புக்கு நடுவில் தனியாக நிற்கும் சாளை அது. தோட்டத்து வீட்டை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்துச் சாளைக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குத் திருப்பூர் போய் நாலு நாளாகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஜீவன் இல்லை.

இந்த வாசனைக்கு ஏதோ ஒரு அர்த்தம் உண்டு என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. சின்ன வயதில் யாரோ சொன்னது. நாக்கு நுனி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. முன்பெல்லாம் அப்படி ஒன்று வந்து நின்றால் அவள் விடமாட்டாள். பல் துலக்கும்போதும் பால் காய்ச்சும்போதும் துழாவிக்கொண்டே இருந்து, மத்தியானத்துக்குள் எப்படியும் வெளியே இழுத்துப்போட்டுவிடுவாள். அந்த வழக்கம் விட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. கேட்டால் சொல்வதற்கு ஆள் இருக்கும்போது எதற்கு மண்டையை உடைத்துக்கொள்வது?

"ஏனுங்க" என்றாள்.

பக்கத்தில் படுத்திருந்த கணவன் கிருபாசங்கர் அசையவில்லை. பதில் கூடத்திலிருந்து வந்தது.

"சொல்லுங்க."

அந்தக் குரல் ஒரு பெட்டியின் குரல். காந்திபுரத்துக் கடையில் வாங்கியது. ஒரு சொம்பு உயரம், கறுப்புத் துணி சுற்றிய உடம்பு, தலையில் ஒரு நீல வளையம். எந்த வார்த்தை சொன்னால் விழிக்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். கிருபாசங்கர் 'ஏனுங்க' என்று வைத்தான். "நீ ஒரு நாளைக்கு நூறு தடவ என்னயக் கூப்புடற. பாதிக்காவது அது பதில் சொல்லிப்போடட்டும்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். முதல் வாரம் அவள் கூப்பிட்டபோதெல்லாம் கணவனும் பெட்டியும் ஒரே நேரத்தில் "என்ன" என்றார்கள். அது ஒரு விளையாட்டாக இருந்தது. பிறகு பெட்டி முந்திக்கொண்டது. பிறகு அவன் பதில் சொல்வதையே விட்டுவிட்டான். பெட்டியோ ஊர்ப் பேச்சைக் கேட்டுக் கேட்டு 'ங்க' போடக் கற்றுக்கொண்டது.

குறை சொல்லவும் முடியாது. அவன் தேங்காய் நார்த்தூளைக் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன்; கடிதம், கணிப்பு, எந்த நாட்டுக்கு எப்போது அனுப்புவது என்பதெல்லாம் பெட்டிதான் சொல்லும். அவள் பொள்ளாச்சிச் சாலையில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் டீச்சர். பாடக் குறிப்பும் வினாத்தாளும் அதுதான் எழுதும். இன்றைக்கு மழை வருமா, சட்னிக்குப் புளி போதுமா, நாத்தனார் சொன்னது குத்தலா சாதாரணமா, எல்லாவற்றுக்கும் அது பதில் வைத்திருந்தது. பெரும்பாலும் சரியான பதில். அதுதான் கெடுதலாகப் போயிற்று.

"ஊட்டுக்குள்ள உருளைக்கெழங்கு வேகற வாசம் அடிக்குது. எதனாலங்க?"

"மூன்று காரணங்கள் இருக்கலாமுங்க. ஒன்று, கூடையில் காய்கறி அழுகியிருக்கலாம். இரண்டு, மழை ஈரத்தில் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கலாம். மூன்று, ஒயர் சூடாகியிருக்கலாம். வேறு ஏதாவது இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றாள். மனசு இறங்கியது. மூன்றில் ஒன்றாக இருக்கும். பொழுது விடிந்ததும் காய்கறிக் கூடையைப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது கூடத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. அவளுடைய மகள் அக்ஷிதாவின் குரல். ஏழு வயது. பெட்டி கதை சொல்லிக் கேட்டால்தான் தூக்கம் வருமென்று ஒரு மாதமாக அதன் மேஜைக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறாள்.

"அம்மா. வகுறு வலிக்குதுங்ம்மா."

பிரியா போய் விளக்கைப் போட்டாள். பாயில் குழந்தை மடங்கிக் கிடந்தது. நெற்றி சுடவில்லை. வயிறு உப்பவில்லை. கை கால்களைப் புரட்டிப் பார்த்தாள். சிவப்போ வீக்கமோ ஒன்றுமில்லை. வாசனை இங்கே இன்னும் கனமாக இருந்தது, தொண்டையில் ஒட்டியது.

"எப்பருந்து வலிக்குது கண்ணு?"

"தெரீல. நடுவுல முழிச்சுட்டேன். என்னமோ சுருக்குன்னுது. எறும்புன்னு நெனச்சேன்."

எறும்பு. அவள் பாயை உதறினாள். எறும்பு ஒன்றையும் காணோம். உள்ளே எங்கேயோ ஒரு சின்ன நரம்பு இழுபட்டது. அது என்னவென்று நின்று யோசிக்க வேண்டிய நேரம் அது. ஆனால் அவள் திரும்பி நீல வளையத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க. ஏழு வயசுக் கொழந்தைக்கு வகுறு வலி. காய்ச்சல் இல்ல."

"இரவு என்ன சாப்பிட்டாளுங்க?"

"புரோட்டா."

"அஜீரணமாக இருக்க வாய்ப்பு அதிகமுங்க. ஓம வாட்டர் கொடுங்கள். வேறு ஏதாவது இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

ஓம வாட்டர் கொடுத்தாள். வயிற்று வலிக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வி முடிந்தது. முடிந்த கேள்வியை அவள் மனசு உடனே தூக்கிப் பரண்மேல் போட்டுவிடும். அப்படித்தான் பழகியிருந்தது.

ஐந்தரை மணி. சன்னலுக்கு வெளியே இருட்டு சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. தென்னைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்து, மறுபடி மழையில் ஒன்றாகக் கலந்தன. அக்ஷிதாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். குழந்தை அவளைப் பார்க்கத் தலையை அண்ணாந்தது. கண்ணை மட்டும் திறக்காமல், மோவாயை மேலே தூக்கி, இமைக்கு அடியிலிருந்த சின்ன இடுக்கு வழியாக அம்மாவைப் பார்த்தது.

"ஏன் கண்ணு அப்புடிப் பாக்கற? கண்ணத் தொற."

"தொறந்துதான் இருக்கறேன்."

பிரியா முகத்தருகே குனிந்து பார்த்தாள். இரண்டு இமைகளும் பாதியில் நின்றன. குழந்தை நெற்றியைச் சுருக்கி முயன்றது. நெற்றி சுருங்கியது, இமை ஏறவில்லை.

"ஏனுங்க! கொழந்தைக்குக் கண்ணத் தொறக்க முடியல. தூக்கக் கலக்கமாட்டம் இருக்குது."

"நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாளுங்க?"

"பத்தரை இருக்கும். கதை கேட்டுட்டு."

"ஏழு வயதுக்குப் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டுமுங்க. தூக்கம் போதவில்லை. இன்னும் சிறிது நேரம் தூங்க விடுங்கள். வேறு ஏதாவது இருக்குதுங்களா?"

வேறு ஏதாவது.

வயிற்று வலி இருந்தது. அது அஜீரணம், முடிந்துவிட்டது. வாசனை இருந்தது. அது காய்கறி, முடிந்துவிட்டது. சுருக்கென்றது எறும்பு. அதை அவள் கேட்கக்கூட இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, துடைத்து வைத்த டம்ளர் மாதிரி வரிசையாக இருந்தது. எதையும் எதனோடும் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. அது ஒவ்வொரு தடவையும் கேட்டது. அவள்தான் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொன்னாள்.

"இல்லீங்க."

கணவனை உலுக்கி எழுப்பினாள். கிருபாசங்கர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து மகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தான்.

"கேட்டயா?"

"கேட்டனுங்க. தூக்கம் பத்தலைங்குது."

அவனும் ஒரு தடவை கேட்டான். அதே வார்த்தைகளில். அதே பதில் வந்தது. "பாரு, எனக்கும் அதயேதான் சொல்லுது" என்றான் நிம்மதியாக. இரண்டு டாக்டரிடம் காட்டிய மாதிரி இருந்தது அவன் முகம்.

"எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்க. நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"அதான் சொல்லுச்சே."

"அது சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன நெனைக்கறீங்க?"

அவன் வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். ஓட்டுத் தண்ணீர் சொட்டியது. அவன் கண்கள் அவளிடமிருந்து மெல்ல நகர்ந்து மேஜைப் பக்கம் போயின; தலை ஒரு பக்கம் சாய்ந்தது; முகத்தில் ஒரு மரியாதையான பொறுமை வந்தது. யாரோ பேசப் போகிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிற முகம். அவளுக்கு அது புதிய முகம் அல்ல. சமீபத்தில் தினமும் கண்ணாடியில் தன்னிடமே பார்க்கிற முகம்தான் அது.

"தண்ணி" என்றாள் அக்ஷிதா. குரல் மூக்கிலிருந்து வந்தது.

பிரியா டம்ளரைச் சாய்த்தாள். தண்ணீர் உள்ளே போயிற்று. ஒரு கணம் கழித்து மூக்கு வழியாக வெளியே வந்தது.

"ஏனுங்க..." என்று ஆரம்பித்தாள்.

அதே சமயம் கரண்ட் போயிற்று.

மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. பிரிட்ஜ் முனகலை நிறுத்தியது. நீல வளையம் அணைந்தது. வீட்டுக்குள் இவ்வளவு சத்தம் இருந்தது என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது. கிருபாசங்கர் போனை எடுத்தான். சிக்னல் இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. டவருக்கும் கரண்ட் போயிருக்க வேண்டும். 108 போட்டான். போகவில்லை. மறுபடி போட்டான்.

அந்த அமைதியில்தான் அவளுக்குக் கேட்டது. மேஜைக்குப் பின்னால். சுவரோரம். காய்ந்த காகிதத்தைத் தரையில் இழுப்பது மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச தூரம். நின்றது. மறுபடி கொஞ்ச தூரம்.

"டார்ச் அடிங்க."

அடித்தான். மேஜைக் கால். பாய். குழந்தையின் தலையணை. பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் கறுப்பு ஒயர். ராத்திரியெல்லாம் சூடாக இருக்கும் அந்த மூலையில், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஒயர்.

பெட்டிக்கு ஒரு ஒயர்தான்.

இரண்டாவது ஒயரில் வெள்ளையாக, மெல்லிசாக, வளையம் வளையமாகக் கோடுகள் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவசரமில்லாமல் நீண்டு, சுவர் விரிசலுக்குள் போயிற்று. கடைசி வளையமும் போயிற்று.

பரண்மேல் போட்டதெல்லாம் மொத்தமாகத் தலைமேல் விழுந்தது. வாசனை. உருளைக்கிழங்கு வேகும் வாசம் வந்தால் விளக்கை எடுத்து மூலையெல்லாம் பாரு, பாம்பு இருக்கும். ஊரே சொன்ன பேச்சு அது. கரும்பலகை. அவளே எழுதிப் போட்டது, பெட்டி வருவதற்கு முந்தைய வருடங்களில், அவளுடைய சொந்தக் கையெழுத்தில். கட்டுவிரியன். கடித்த இடம் தெரியாது. வலிக்காது, வீங்காது. தரையில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். முதலில் வயிற்று வலி. அப்புறம் இமை இறங்கும். அப்புறம் விழுங்க முடியாது. பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி ஒவ்வொருவராகச் சொல்ல வைத்திருக்கிறாள். அப்புறம் என்னம்மா ஆகும்? மூச்சு நிற்கும் டீச்சர். ஆனா கடைசி வரைக்கும் நெனவு இருக்கும் டீச்சர்.

"வண்டிய எடுங்க!" என்று கத்தினாள். "பாம்பு கடிச்சிருக்குது! பொள்ளாச்சிப் பெரியாஸ்பத்திரிக்குப் போவணும், ஊசி போட்டாப் பொழைச்சுக்குவா. எடுங்க!"

அவன் ஓடினான். அவள் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். தலை கழுத்தில் நிற்காமல் பின்னால் தொங்கியது. ஒரு கையால் தாங்கிப் பிடித்தாள். பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது: தானே யோசித்துவிட்டாள், தானே முடிவெடுத்துவிட்டாள். இன்னும் நேரம் இருக்கிறது. மெயின் ரோட்டுக்கு ஐந்து நிமிடம், அங்கிருந்து அரை மணி.

தோட்டத்து மண் ரோட்டில் நூறு அடி போனதும் வண்டி நின்றது. ராத்திரிக் காற்றில் ஒரு தென்னை குறுக்கே விழுந்து கிடந்தது.

"இட்டேரில உடுங்க" என்றாள். தோட்டங்களின் வேலிகளுக்கு நடுவே வளைந்து போகும் குறுக்கு வழி அது. அவன் பின்னால் எடுத்துத் திருப்பினான். இரண்டு பக்கமும் வேலி வண்டியை உரசியது. ஈர மண் சக்கரத்தில் பிசைந்தது. பின் சீட்டில் அக்ஷிதாவின் மார்பில் அவள் கை. ஏறியது. இறங்கியது. இடையில் நின்றது. ஏறியது.

இட்டேரி ஒரு முக்கில் முடிந்தது. இடப்பக்கம் ஒரு தடம். வலப்பக்கம் ஒரு தடம்.

வண்டி நின்றது.

"ஏனுங்க நின்னுட்டீங்க?"

"எந்தப் பக்கம்?" என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இதே தடத்தில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவன் அவன். ஒன்று மெயின் ரோட்டுக்குப் போகும். இன்னொன்று வாய்க்கால் மேட்டில் போய் முட்டும். அங்கே மாட்டினால் இந்தச் சேற்றில் வண்டியைத் திருப்ப முடியாது.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்" என்றான். "இரு, வந்துரும்."

வரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே தென்னை. ஒரே கம்பி வேலி. ஒரே மழை. அவன் போனை ஸ்டியரிங்கில் வைத்தான். வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் சதுரம். நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. இடது இண்டிகேட்டரைப் போட்டான். டிக். டிக். டிக். எடுத்து வலது போட்டான். டிக். டிக்.

"ஏதோ ஒரு பக்கம் திருப்புங்க!"

"தப்பாப் போயிட்டா?" அவன் குரல் உடைந்தது. அழுதுகொண்டிருந்தான். "நீ சொல்லு. நீ சொல்ற பக்கம் திருப்பிப்போடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். இடது. வலது. எத்தனையோ தடவை இந்த வழியில் போயிருக்கிறாள். இருநூறு மீட்டரில் திரும்பவும் என்று போன் சொல்ல, மடியிலிருந்த வேறெதையோ பார்த்துக்கொண்டு. கண்ணை மூடி உள்ளே தேடினாள். அங்கே ஒன்றுமில்லை. ஒரு மூலையில்கூட ஒன்றுமில்லை. பெருக்கித் துடைத்த வெறும் அறை. அதில் ஒரு மரியாதையான குரல் மட்டும் கேட்டது. வேறு ஏதாவது இருக்குதுங்களா?

கையின் கீழே மார்பு ஏறியது.

இறங்கியது.

நின்றது.

ஏறியது.

பள்ளி வேன். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வேன் இந்த முக்கு வழியாகத்தான் மெயின் ரோட்டுக்குப் போகும். அக்ஷிதா சன்னலோரம் உட்காருவாள். போன் கிடையாது. வேடிக்கை பார்த்துக்கொண்டே போவாள், தினமும், இரண்டு வேளையும்.

இவளுக்குத் தெரியும்.

"கண்ணு" என்றாள். "கண்ணு, மெயின் ரோடு எந்தப் பக்கம் கண்ணு?"

முகம் அசையவில்லை. இமைகள் முழுக்க மூடியிருந்தன. பிரியா கட்டைவிரலை வைத்து ஒரு இமையை மேலே தூக்கினாள்.

அடியில் கண் விழித்திருந்தது. தூக்கத்தின் கலக்கம் அதில் துளியும் இல்லை. தெளிவாக, ஈரமாக, நேராக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. விடியற்காலையிலிருந்து கூடத்தில் பேசியது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கண்.

உதடுகள் திறக்கவில்லை. ஓரத்தில் எச்சில் ஒரு சின்னக் குமிழாக எழும்பி உடைந்தது.

கிருபாசங்கர் சீட்டிலிருந்து திரும்பி, குழந்தையின் வாய்க்கு நேராகக் குனிந்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான். பிரியா இமையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"சொல்லு கண்ணு" என்றான்.

வைப்பர் ஒரு தடவை போய் வந்தது. இன்னொரு தடவை போய் வந்தது. இருவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.